காட்டில் பழைய கட்டட எச்சங்கள் தென்பட்டால்: மலையேறிக் கூடாரமிடுவோருக்கு

மேற்குத் தொடர்ச்சி மலைக் காடுகளில், வனத்துறையின் அனுமதியோடும் வழிகாட்டியோடும் கூடாரமிடச் செல்பவர்கள், புதருக்குள் ஒரு சுவரையோ படிக்கட்டையோ காண்பது அரிதல்ல. அது எஸ்டேட் பங்களாவாகவோ, தொழிலாளர்களின் லைன் வீடாகவோ, பெருங்கற்காலக் கற்திட்டையாகவோ (பலகைக் கற்களால் எழுப்பிய ஈமச்சின்னம்) இருக்கலாம். எதுவானாலும், அதைக் கிளறாமல், கிடக்கும் இடத்திலேயே வைத்துப் படிப்பதுதான் முறை. இடம் பெயர்ந்த கல் எதையும் சொல்லாது.

முதலில் சுவரைவிடச் சுற்றியுள்ள மரஞ்செடிகளைக் கவனிக்க வேண்டும். கவாத்து செய்யாமல் (கிளைகளை நறுக்காமல்) விடப்பட்ட தேயிலைச் செடி மரமாக உயர்ந்துவிடும். ஆகவே சோலைக்காட்டின் நடுவே வரிசையாக நிற்கும் தேயிலை மரங்களோ, ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட சில்வர் ஓக் மரங்களோ அங்கு ஒரு காலத்தில் தோட்டம் இருந்ததைக் காட்டும். கொய்யாவும் எலுமிச்சையும் ஒரே இடத்தில் நின்றால் அருகில் வீட்டு அடித்தளத்தைத் தேடலாம்.

அடுத்து, தரையின் அமைப்பு. தேனி மாவட்டத்தின் குரங்கணியிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் வழி இதற்கு நல்ல பாடம். மூணாற்றுக்கும் டாப் ஸ்டேஷனுக்கும் இடையே 1908 முதல் குறுகிய இருப்புப்பாதை ஒன்று இயங்கியது. அதில் வந்த தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கவிடப்பட்டுக் கீழே கொட்டகுடிக்கு இறக்கப்பட்டன. 1924 ஜூலை வெள்ளம் அந்த இரயில் பாதையை அழித்தது. பிறகு அது மீண்டும் அமைக்கப்படவில்லை. நடைபாதை சரிவுக்கு ஏற்ப வளைந்து வளைந்து ஏறும். கம்பிவடமோ நேர்கோட்டில்தான் செல்லும். எனவே சரிவைப் பொருட்படுத்தாமல் ஒரே கோட்டில், மேலே போல்ட்டுகள் நீட்டிக்கொண்டிருக்கும் அடித்தளக் கட்டைகள் தென்பட்டால், அவை பெரும்பாலும் கம்பிவடத் தூண்களைத் தாங்கியவையே. மலையின் விளிம்பை ஒட்டிச் சீரான சாய்வில் செல்லும் அகலமான திட்டு, வண்டிப்பாதையாகவோ இரயில் தடமாகவோ இருந்திருக்கும்.

காலத்தைக் கணிக்கப் பொருள்கள் உதவும், ஆனால் அவசரப்படக் கூடாது. மங்களூர் ஓட்டில் 1865 என்று பொறித்திருந்தால் வீடு அந்த ஆண்டில் கட்டப்பட்டது என்று பலர் முடிவு செய்துவிடுகிறார்கள். அது பாசல் மிஷன் என்ற கிறித்துவ மிஷனரி அமைப்பின் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கப்பட்ட ஆண்டு. உத்தரமாகப் போடப்பட்ட தண்டவாளத்தில் இருக்கும் ஆண்டு அது தயாரிக்கப்பட்ட ஆண்டுதான். கட்டடம் அதற்கு முந்தையதல்ல என்பதற்கு மேல் அது எதையும் மெய்ப்பிக்காது. சுண்ணாம்புச் சாந்தும் அப்படியே: சிமெண்ட் வந்த பின்னும் மலைப்பகுதிகளில் அதன் பயன்பாடு நின்றுவிடவில்லை.

பழனி மலையில் தாண்டிக்குடி போன்ற இடங்களில் காணப்படும் கற்திட்டைகளுக்குக் கூடுதல் கவனம் தேவை. செங்குத்தாக நிறுத்திய பலகைக் கற்களின் மேல் மூடுகல் வைத்த இவை, ஒரு கல் அசைந்தாலும் சரியக்கூடியவை. புதையல் ஆசையில் இவற்றைத் தோண்டுபவர்கள் இன்றும் இருப்பதால், படத்தோடு இருப்பிடத்தையும் பொதுவெளியில் பகிராமல் இருப்பது நல்லது. மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 1878ஆம் ஆண்டின் புதையல் சட்டம். பானை ஓட்டைக்கூட எடுத்து வரக் கூடாது. ஊர்மக்கள் அங்கே விளக்கேற்றி வழிபடுகிறார்களா என்பதையும் வழிகாட்டியிடம் கேட்டறிந்த பிறகே நெருங்க வேண்டும்.

கூடாரத்தை இடிபாட்டை ஒட்டி அமைக்கவே கூடாது. மழையில் நனைந்த மண்சாந்துச் சுவர் முன்னறிவிப்பின்றிச் சரியும். உண்ணிச்செடி மூடிய பாழுங்கிணறு பகலிலேயே கண்ணில் படாது. கல்லிடுக்குகளில் பாம்பும் இடிந்த அறைகளில் கரடியும் தங்கும். கால் வைக்குமுன் தடியால் தரையைத் தட்டிப் பார்க்கவும். சுவரை அண்டித் தீ மூட்டுவதும் தவறு: வெப்பத்தில் கல் வெடிக்கும், சாந்து உதிரும். அதைவிட, 2018 மார்ச் மாதக் குரங்கணிக் காட்டுத்தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்ட பின், கோடையில் காட்டுக்குள் தீ மூட்டுவது பற்றிப் பேச்சே இருக்கக் கூடாது.

கண்டதைப் பதிவுசெய்ய அளவுகோலோ பேனாவோ அருகில் வைத்து, நான்கு திசையிலிருந்தும் படமெடுத்து, தொலைபேசியில் ஆயத்தொலைவுகளை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை) குறித்துக்கொண்டு, சுவரின் நீளம், கனம், வாசல் நோக்கும் திசை ஆகியவற்றுடன் ஒரு கைவரைபடமும் சேர்த்தால் போதும். படத்தில் அளவு தெரிவதற்காகச் செடிகளை வெட்டவோ பாசியைச் சுரண்டவோ வேண்டியதில்லை. இறங்கி வந்ததும் இவற்றின் ஒரு படியை வனச்சரக அலுவலகத்திலும், கற்திட்டையோ கல்வெட்டோ என்றால் இன்னொன்றை மாநிலத் தொல்லியல் துறையிலும் எழுத்துமூலம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்கி வைத்துக்கொள்ளவும்.