ரெப்ளிகேஷன் இருக்கு சரி, பேக்கப் இருக்கா?

நாகர்கோவிலில் நான் வேலை பார்த்த ஓர் அலுவலகத்தில் ஒரே மாதிரி இரண்டு நாஸ் பெட்டிகள் (நெட்வொர்க் வழியாக எல்லோரும் கோப்பு வைக்கும் பெட்டிகள்) இருந்தன; ஒன்றில் எழுதுவது சில விநாடிகளில் மற்றதிலும் வந்துவிடும், இதுதான் ரெப்ளிகேஷன். ஒரு சனிக்கிழமை கணக்குப் பிரிவு அண்ணன் தவறான ஃபோல்டரை அழித்துவிட்டு, "மக்கா, மத்த பெட்டியில இருந்து எடுத்துத் தாலே" என்றார். போய்ப் பார்த்தால் அங்கேயும் காலி. அழித்ததையும் சேர்த்துத்தானே அது நகலெடுக்கும்! கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தாலும் இதே கதைதான். பெட்டி பழுதானால் வேலை நிற்காமலிருக்க ரெப்ளிகேஷன், நேற்றைய நிலைக்குத் திரும்ப பேக்கப், இரண்டும் வேண்டும்.

முதலில், எவ்வளவு நேரத்து வேலை போனால் தாங்கும் என்று முதலாளியிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாக முடிவு செய்யாதீர்கள்.

அடுத்து இடம். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது மாவட்டத்தில் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை, அதனால் இரண்டாவது பெட்டியைப் பக்கத்துத் தெருவில் வைத்துப் பயனில்லை, மதுரை மாதிரி ஓர் இடம் வேண்டும். ஆனால் ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக 5 மைக்ரோசெகண்ட் எடுக்கும். 240 கிலோமீட்டர் போய்த் திரும்ப 2.4 மில்லிசெகண்ட். சிங்க்ரனஸ் முறையில், அதாவது மற்ற பெட்டியும் எழுதிவிட்டதாகப் பதில் சொன்ன பிறகே வேலை முடியும் முறையில், டிஸ்க்கில் எழுதும் ஒவ்வொரு முறையும் அந்தப் பதிலுக்காகக் காத்து நிற்கும், டேட்டாபேஸ் திணறும். ஆகவே ஒரே கட்டடத்துக்குள் சிங்க்ரனஸ், வெளியூருக்கு அசிங்க்ரனஸ் (பதிலுக்குக் காத்திராமல் பின்னால் அனுப்புவது).

இனி பேக்கப். ரெஸ்டிக் என்ற பேக்கப் சாஃப்ட்வேர் இலவசம், தொடங்குகிறவர்களுக்கு அதுவே போதும். தனி டிஸ்க்கில் "இனிட்" கட்டளை கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்கும். அதைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள், தொலைந்தால் யாராலும் திறக்க முடியாது. அப்புறம் "பேக்கப்" என்று ஃபோல்டரைக் காட்டினால், கோப்புகளைச் சராசரி 1 எம்பி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் எஸ்எச்ஏ-256 என்ற கணக்கு முறையில் கைரேகை மாதிரி ஓர் அடையாளம் எடுத்து, ஏற்கெனவே உள்ள துண்டை மறுபடி எழுதாமல் விடும். இதுதான் டீடூப்ளிகேஷன். 20 பேர் ஆளுக்கொரு ஃபோல்டரில் வைத்திருக்கும் அதே 40 எம்பி பிடிஎஃப், 800 எம்பிக்குப் பதில் 40 எம்பியில் அடங்கும். கல்யாண வீடியோக்களுக்கு மட்டும் இதை நம்பி டிஸ்க் அளவைக் குறைத்து வாங்காதீர்கள், ஒவ்வொன்றும் வேறு வேறு, அங்கே மிச்சம் ஒன்றும் கிடைக்காது.

பழையதைக் கழிக்க "ஃபர்கெட்": தினசரி 7, வாராந்திரம் 4, மாதாந்திரம் 12 பேக்கப்களை வைத்துக்கொண்டு மீதியைக் கழிக்கலாம். இது பட்டியலிலிருந்து மட்டும்தான் நீக்கும், "ப்ரூன்" கொடுத்தால்தான் இடம் காலியாகும். இதில் நானே ஒருமுறை ஏமாந்தேன்.

கடைசியாக, மாதம் ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் "ரீஸ்டோர்" செய்து கோப்புகளைத் திறந்து பாருங்கள். நான் முதல்முறை பார்த்தபோது ஃபோல்டர் முழுசாக வந்தது, கணக்குகள் திறக்கவில்லை. கணக்கு சாஃப்ட்வேர் ஓடிக்கொண்டிருக்கும்போதே நகலெடுத்திருக்கிறேன். இப்போது இரவு 11 மணிக்கு, அதை மூடிய பிறகுதான் பேக்கப் ஓடுகிறது.