டைட்டானிக்கின் சுக்கான் தவறாகத் திருப்பப்பட்டதா: ஒரு கூற்றைச் சோதித்துப் பார்க்கும் முறை

1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு டைட்டானிக் பனிப்பாறையில் மோதியதற்கு, சுக்கான் சக்கரத்தைப் பிடித்திருந்த ராபர்ட் ஹிச்சன்ஸ் அதை எதிர்ப்பக்கமாகத் திருப்பியதே காரணம் என்ற கூற்று 2010-இல் பரவியது. உயிர்தப்பிய அதிகாரிகளில் மூத்தவரான சார்லஸ் லைட்டோலரின் பேத்தி லூயிஸ் பேட்டன் அதை வெளியிட்டார். ஏறத்தாழ 1,500 பேரின் சாவுக்கான பழியை, 1940-இல் இறந்துவிட்ட, இனி மறுத்துப் பேச முடியாத ஒரு மாலுமியின் மேல் ஏற்றும் கூற்று இது என்பதால், நம்புவதற்கு முன் அதைச் சோதிப்பது நம் கடமை. அதற்குக் கடற்பயணத் தேர்ச்சி தேவையில்லை. ஒரு தாளும் பென்சிலும் பொறுமையும் போதும்.

முதலில், செய்தி யார் யார் வழியாக வந்தது என்று எழுதிக்கொள்ளுங்கள். மோதலின்போது லைட்டோலர் பணிமுறை முடிந்து தம் அறையில் படுத்திருந்தார். சக்கரம் திரும்பியதை அவர் பார்க்கவில்லை. பிற அதிகாரிகளிடம் கேட்டதை அவர் மனைவியிடம் சொன்னார், பாட்டி பேத்தியிடம் சொன்னார் என்பதே கதை வந்த வழி. இதனாலேயே அது பொய்யாகிவிடாது. ஆனால் 98 ஆண்டுகள் கழித்து வெளிவந்த செவிவழிச் செய்தியை, சம்பவம் நடந்த சில வாரங்களில் பதிவான நேரடிச் சாட்சியத்துடன் ஒரே தட்டில் வைக்க முடியாது.

அடுத்து, கட்டளையின் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். பெரும்பாலோர் தடுமாறும் இடம் இது. முதல் அதிகாரி வில்லியம் மர்டாக் இட்ட கட்டளை ‘ஹார்ட் எ ஸ்டார்போர்டு’. ஸ்டார்போர்டு என்றால் கப்பலின் வலப்பக்கம். ஆனால் அவர் விரும்பியது கப்பல் இடப்பக்கம் திரும்ப வேண்டும் என்பதே. தாளில் ஒரு படகை வரைந்து, அதன் பின்முனையில் சுக்கானையும், சுக்கானிலிருந்து படகின் உட்பக்கம் நீளும் கைப்பிடியையும் வரைந்து பாருங்கள். கைப்பிடியை வலப்பக்கம் தள்ளினால் சுக்கான் பலகை இடப்பக்கம் சாயும், படகின் முகப்பும் இடப்பக்கமே திரும்பும். கைப்பிடி போய்ச் சக்கரம் வந்த பிறகும் கட்டளை மட்டும் பழைய கைப்பிடியின் திசையிலேயே சொல்லப்பட்டு வந்தது.

பாய்மரக் கப்பல்களில் ஒரு முறையும் நீராவிக் கப்பல்களில் அதற்கு நேர்மாறான முறையும் இருந்தன, அதனால் ஹிச்சன்ஸ் குழம்பினார் என்பது அந்தக் கூற்றின் அடித்தளம். இங்கேதான் அது ஆட்டம் காண்கிறது. 1912-இல் பிரிட்டிஷ் நீராவிக் கப்பல்களிலும் அதே பழைய முறையே நடைமுறையில் இருந்தது. திசையை நேரடியாகச் சொல்லும் முறைக்கு 1929-இல் லண்டனில் பன்னாட்டு உடன்பாடு ஏற்பட்டு, 1930-களில்தான் பிரிட்டிஷ் கப்பல்கள் மாறின. மேலும், அன்றிரவு பத்து மணியிலிருந்தே சக்கரத்தில் நின்ற ஹிச்சன்ஸின் அருகில் ஆறாம் அதிகாரி ஜேம்ஸ் மூடி இருந்தார். சுக்கான் முழுவதும் திருப்பப்பட்டுவிட்டது என்று மர்டாக்கிடம் உரத்துச் சொன்னவர் அவர்தான்.

பிறகு நேரத்தைக் கணக்கிடுங்கள். தவறைச் செய்து, கண்டுபிடித்து, திருத்தும் அளவுக்கு, அதாவது நான்கு நிமிடம், அவகாசம் இருந்தது என்று அந்தக் கூற்று சொல்கிறது. மணிக்கு ஏறத்தாழ 22 கடல் மைல் வேகத்தில் கப்பல் ஒரு விநாடியில் 11 மீட்டருக்கு மேல் செல்லும். நான்கு நிமிடத்தில் 2.7 கிலோமீட்டர். நிலவில்லாத இரவில், அலையே இல்லாத கடலில், அவ்வளவு தொலைவில் ஒரு பனிப்பாறையைக் கண்டிருக்க முடியுமா என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பனிப்பாறையைக் கண்டதற்கும் மோதலுக்கும் இடையே இருந்த நேரத்தை மதிப்பிட, சகோதரக் கப்பலான ஒலிம்பிக்கைக் கொண்டு நடத்திய சோதனையில், கப்பல் 22.5 பாகை திரும்ப 37 விநாடிகள் ஆயின. இந்த 37 விநாடியை டைட்டானிக்கிலேயே கடிகாரம் பார்த்து அளந்ததுபோலப் பலர் எழுதிவிடுகிறார்கள். அந்தப் பிழையை நீங்களும் செய்துவிடாதீர்கள்.

கப்பல் வலப்பக்கத்தில் அடிபட்டது என்பது மட்டும் போதிய சான்று ஆகாது. முதலில் தவறாகத் திருப்பிப் பின்னர் திருத்தியிருந்தாலும் அடி வலப்பக்கத்தில் பட்டிருக்கலாம் அல்லவா? ஆகவே முதல் அசைவு எந்தப் பக்கம் என்று சொல்லும் சாட்சியைத் தேட வேண்டும். ஹிச்சன்ஸ் நின்ற அறை அடைக்கப்பட்டிருந்தது. அவருக்குப் பனிப்பாறை தெரியவில்லை, எதிரே இருந்த திசைகாட்டி மட்டுமே தெரிந்தது. கப்பல் ஏறத்தாழ 22 பாகை இடப்பக்கம் திரும்பியதாக அவர் கூறினார். அவர் தம்மைக் காத்துக்கொள்ளச் சொன்னார் என்று யாரேனும் கருதினால், கண்காணிப்புக் கூண்டில் இருந்த ஃபிரெடரிக் ஃப்ளீட்டின் வாக்குமூலத்தை அதன் அருகில் வைத்துப் படியுங்கள். மணியை மூன்று முறை அடித்துவிட்டுத் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தபோதே கப்பல் இடப்பக்கம் திரும்பத் தொடங்கியது என்று அவர் அமெரிக்க விசாரணையில் கூறினார். என் கணிப்பில் இந்த ஒரு சாட்சியமே வழக்கைத் தீர்க்கிறது: கட்டளை வந்தவுடனேயே கப்பல் சரியான பக்கம்தான் திரும்பியது.

இறுதியாக, சுக்கான் பிடித்தவரின் பிழையையும் கட்டளையிட்டவரின் முடிவையும் ஒன்றாகக் குழப்பக் கூடாது. திரும்பாமல் நேராக மோதியிருந்தால் முகப்பு நசுங்கினாலும் கப்பல் மிதந்திருக்கும் என்று, அதைக் கட்டிய நிறுவனத்தின் எட்வர்ட் வைல்டிங் பிரிட்டிஷ் விசாரணையில் கருத்துத் தெரிவித்தார். அதை விவாதிக்கலாம், ஆனால் அது மர்டாக்கின் முடிவைப் பற்றிய விவாதம், ஹிச்சன்ஸின் கைகளைப் பற்றியது அன்று. மெர்சி பிரபுவின் தலைமையில் நடந்த அதே விசாரணை, பனிப்பாறைகள் பற்றிய எச்சரிக்கைகள் வந்திருந்தும் கப்பல் மிகை வேகத்தில் செலுத்தப்பட்டதையே மோதலுக்குக் காரணமாகப் பதிவு செய்தது.