தராசும் நூலும் போதும்: கல்லின் அடர்த்தியை வீட்டிலேயே கணக்கிடலாம்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். கரையில் கிடக்கும் பவளத்துண்டை, அது செத்ததாகவே இருந்தாலும், எடுத்து வராதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதோடு நம் மன்னார் வளைகுடாவுக்கு அது தேவை. தெருவில் வீடு கட்டி மிஞ்சிய கருங்கல் சல்லி, மண்டபம், பாம்பன் பக்கத்து வீடுகளில் மீந்து கிடக்கும் மணற்பாறைத் துண்டு, இவை போதும்.

கல்லை நல்ல தண்ணீரில் அலசி, உப்புப் போக ஊறவைத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிடுங்கள். 200 கிராமுக்கு மேல் இருக்கட்டும். 20 கிராம் கல்லில் தராசு ஒரு கிராம் தவறினாலே விடை எங்கோ போய்விடும்.

காய்ந்த கல்லைச் சமையலறை டிஜிட்டல் தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாத்திரத்தில் கேன் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியிலோ பக்கத்திலோ முட்டாமல் தொங்கவிடுங்கள். இப்போது தராசு காட்டும் கிராம்தான் கல்லின் கன அளவு, மில்லிலிட்டரில். கல் தண்ணீரை எவ்வளவு விலக்குகிறதோ அந்த எடை பாத்திரத்தின் மேல் இறங்குகிறது, ஆர்க்கிமிடீஸ் சொன்னது இதுதான். அடியில் முட்டினால் கல்லின் எடையும் சேர்ந்துவிடும், அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். கடல் தண்ணீர்தான் இருக்கிறது என்றால், வந்த எண்ணை 1.025 ஆல் வகுத்துவிடுங்கள்.

என் கருங்கல் காய்ந்த எடை 312 கிராம், தண்ணீரில் தொங்கவிட்டபோது தராசு காட்டியது 116. எடையைக் கன அளவால் வகுத்தால் அடர்த்தி, அதாவது மில்லிலிட்டருக்கு 2.69 கிராம். கருங்கல் பெரும்பாலும் 2.6 முதல் 2.8 வரை, எரிமலைக் குழம்பு இறுகி உண்டான பசால்ட் 2.8 முதல் 3.0 வரை. சரி, பொருந்துகிறது.

மணற்பாறைதான் சோதிக்கும். குமிழி விட்டுக்கொண்டே இருக்கும், எண்ணும் இறங்கிக்கொண்டே போகும், ஏனென்றால் காற்று இருந்த துளைகளுக்குள் தண்ணீர் புகுந்துகொண்டிருக்கிறது. எனவே காய்ந்த எடையை முதலில் எடுத்துவிட்டு, குமிழி நிற்கும்வரை ஒரு இரவு ஊறவைத்து, மேலே மட்டும் துடைத்துவிட்டுத் தொங்கவிடுங்கள். துளைகளையும் சேர்த்த கன அளவு வரும், அடர்த்தி 2.2, 2.3 என்று குறைந்து நிற்கும். அந்தக் குறைவே அடையாளம்.

ஆனால் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். படிகக்கல் (குவார்ட்ஸ்) 2.65, இறுகிய சுண்ணாம்புக்கல் 2.7, இரண்டும் கருங்கல்லோடு குழம்பும். வினிகர் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள்: சுண்ணாம்பு இருந்தால் நுரைக்கும், கருங்கல்லும் படிகக்கல்லும் சும்மா இருக்கும். பாம்பன் மணற்பாறையும் நுரைக்கும், அதன் மணலைப் பிடித்துவைத்திருப்பதே சிப்பியும் பவளமும் கரைந்து வந்த சுண்ணாம்புதான்.