சென்னை வீட்டு லான்: கணக்கை ஆடியில் தொடங்குங்கள்

லான் பராமரிப்பு என்று தேடினால் கிடைக்கிற குறிப்புகளில் பாதி, பனி உருகும் வசந்தத்தில் ஆரம்பித்து இலையுதிர் காலத்தில் முடிகின்றன. நமக்கு அந்த இரண்டுமே கிடையாது. அதை நம்பி மார்ச்சில் யூரியா போட்டு, ஏப்ரலில் ஒட்ட வெட்டி, மே மாதம் மொத்தத்தையும் கருக விட்டவன் நான். அதனால் இதை நம்ம மாதக் கணக்கிலேயே சொல்கிறேன். சென்னை மழையில் பாதிக்கு மேல் அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டித் தீர்த்துவிடும். அதற்கு முன்னால் ஆடியிலும் ஆவணியிலும் அவ்வப்போது சாயங்கால இடிமழை வரும், வெயிலும் இருக்கும், மண்ணும் சூடாக இருக்கும். புல் வேகமாக வளர்கிற காலம் அது. கடுமையான வேலையெல்லாம் அப்போதுதான்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன புல் என்று பாருங்கள். நர்சரியில் பெர்முடா என்று விற்பது நம்ம அருகம்புல்லின் குடும்பம்தான், தினம் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் கேட்கும், மிதிபட்டாலும் எழுந்துவிடும். கொரியன் கிராஸ் மெத்துமெத்தென்று அழகாக இருக்கும், ஆனால் பரவுவதற்குள் நம் பொறுமை போய்விடும். அகல இலை பஃபலோ கிராஸ் அரை நிழலைத் தாங்கும். மரத்தடியில் பெர்முடா போட்டுவிட்டு உரம், மருந்து என்று செலவு செய்வது வீண். எங்கள் வீட்டில் ஒரு மூலை எத்தனை முறை நட்டும் வழுக்கையாகவே கிடந்தது. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் பக்கத்து வீட்டு வேப்பமரம் சாய்ந்தது, அடுத்த ஆவணிக்குள் அந்த மூலைதான் லானிலேயே அடர்த்தியான இடம். மரம் போன வருத்தம் வேறு விஷயம்.

சரி, ஆடி. முதல் இரண்டு மழை பெய்து மண் நெகிழ்ந்ததும், புல்லை வழக்கத்தைவிடத் தாழ்வாக வெட்டுங்கள். வருஷத்தில் இந்த ஒரு தடவைதான் அதற்கு அனுமதி. வெட்டியதும் இரும்பு ரேக்கால் நன்றாக வாருங்கள், புல்லுக்கும் மண்ணுக்கும் நடுவில் காய்ந்த தண்டும் வேருமாக ஒரு மெத்தை சேர்ந்திருக்கும், அது அரை அங்குலத்துக்கு மேல் போனால் தண்ணீரும் உரமும் கீழே இறங்காது. மூட்டை மூட்டையாக வரும், பார்த்தால் லானையே பிடுங்கிவிட்டோமோ என்று தோன்றும், பயப்பட வேண்டாம். அப்புறம் ஒரு கடப்பாரையை எடுத்து, அரை அடிக்கு ஒரு குத்து, நாலு அங்குல ஆழத்துக்கு. கார் நிறுத்துகிற ஓரத்திலும் பிள்ளைகள் பந்தாடும் இடத்திலும் இன்னும் நெருக்கமாக.

அந்த ஓட்டைகள் மூடுவதற்குள் மேல்மண் போட்டுவிட வேண்டும். சலித்த செம்மண், ஆற்றுமணல், மண்புழு உரம் மூன்றையும் கலந்து, 5 மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் போகாமல் பரப்பி, தென்னந்துடைப்பத்தால் தேய்த்து உள்ளே தள்ளுங்கள், புல்லின் நுனி வெளியே தெரிய வேண்டும். 1000 சதுர அடிக்குப் பதினாறு, பதினேழு கன அடி கலவை போதும், அதாவது ஒரு யூனிட்டில் ஆறில் ஒரு பங்கு. லாரிக்காரர் அரை யூனிட் தள்ளிவிடப் பார்ப்பார், வாங்கினால் எல்லாவற்றையும் லானிலேயே போடத் தோன்றும், புல் மூச்சுமுட்டிச் செத்துவிடும். எம்-சாண்ட் மலிவு என்று கலக்காதீர்கள், அதிலுள்ள கல்தூள் இறுகிவிடும்.

வழுக்கை விழுந்த இடத்துக்கு விதை வாங்க வேண்டாம். ஓரத்தில் ஓடுகிற தண்டுகளை இரண்டு மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, நாலு அங்குல இடைவெளியில் ஒரு கணுவாவது மண்ணுக்குள் போகிற மாதிரி ஊன்றுங்கள். கார்பெட் துண்டாக வாங்கினால், புரட்டி அடிமண்ணைப் பாருங்கள். கறுப்பாகச் சின்னச் சின்னக் கிழங்கு தெரிந்தால் அது கோரை, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் பார்க்காமல் வாங்கி மூன்று வருஷம் தோண்டினேன்.

இரண்டு வாரம் கழித்து உரம். 1000 சதுர அடிக்கு 1 கிலோ யூரியா, அதையும் பாதி இப்போது, மூன்று வாரம் கழித்து மீதி. காய்ந்த மணலோடு கலந்து, புல் ஈரமில்லாத நேரத்தில் விசிறி, உடனே தண்ணீர் விட வேண்டும். ஈர இலையில் யூரியா ஒட்டிக்கொண்டால் மறுநாள் சிகரெட் சுட்டது போல அங்கங்கே பொத்தல். ஐப்பசி மழைக்கு முந்தின வாரம் உரம் போடுவது காசைச் சாக்கடையில் கரைப்பது, அதனால் புரட்டாசி பாதியோடு நிறுத்திவிடுங்கள்.

வெட்டுவதற்கு ஒரே விதி, இருக்கிற உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நேரத்தில் எடுக்கக் கூடாது. பெர்முடாவுக்கு ஒரு அங்குலம், கொரியனுக்கு ஒன்றரை, பஃபலோவுக்கு இரண்டரை அங்குலம் விட்டால் போதும். பிளேடு மழுங்கியிருந்தால் புல் வெட்டுப்படாது, கிழியும், இரண்டு நாளில் நுனியெல்லாம் வெளுக்கும். ஆளை வைத்து வெட்டினால் மெஷின் உயரத்தை நீங்களே பார்த்து வையுங்கள். அடிக்கடி வர வேண்டாமே என்று அவர்கள் மொட்டையடித்துவிட்டுப் போவார்கள்.

மழைக்காலத்தில் செய்ய வேண்டியதைவிடச் செய்யாமல் இருக்க வேண்டியது அதிகம். தண்ணீர் தேங்கினால் வாய்க்கால் கீறி வெளியேற்றுங்கள், ஈரத் தரையில் நடக்காதீர்கள், மெஷின் ஏற்றாதீர்கள். இரண்டு நாள் வெயில் கிடைத்தால் வெட்டி, வெட்டிய புல்லை அள்ளிவிடுங்கள் (மற்ற மாதங்களில் துண்டு சின்னதாக இருந்தால் அங்கேயே கிடக்கட்டும், அதுவும் உரம்). வட்ட வட்டமாகப் பழுத்தால் அநேகமாகப் பூஞ்சை. பூஞ்சையை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸ் தூளை லிட்டருக்கு 10 கிராம் கலந்து தெளிக்கலாம், ஆனால் ஈரம் வடியாமல் எந்த மருந்தும் கேட்காது. நத்தைகளை ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்குங்கள், கையுறை போட்டுக்கொண்டு. களை பிடுங்கவும் இதுதான் நேரம். அம்மான் பச்சரிசியும் புளியாரையும் வேரோடு வந்துவிடும். கோரையை மட்டும் இழுக்காதீர்கள், இலை அறுந்து வரும், கிழங்கு உள்ளேயே இருந்துகொண்டு பக்கத்திலும் முளைவிடும். சின்னக் கொத்தால் அரை அடி தோண்டிக் கிழங்கை எடுத்தால்தான் உண்டு.

மார்கழி, தையில் புல் கொஞ்சம் மந்தமாகும். அதைப் பார்த்து யூரியாவைத் தூக்காதீர்கள். போர் தண்ணீர் வீடுகளில் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் அது இரும்புச்சத்துக் குறை, அன்னபேதி உப்பு லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டு, சாயங்காலம் தெளியுங்கள். டைல்ஸில் பட்டால் துருக்கறை போகவே போகாது, வீட்டில் திட்டு வாங்குவீர்கள். மாசி, பங்குனியில் வேப்பஞ்சருகைக் கூட்டுவதைத் தவிரப் பெரிய வேலை இல்லை.

சித்திரை, வைகாசியில்தான் எல்லோரும் தப்பு செய்கிறோம். தினமும் சாயங்காலம் ஹோஸைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் தெளிப்பது மனசுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் மேல் அரை அங்குலம்தான் நனையும், வேரும் அங்கேயே நின்றுவிடும், ராத்திரி முழுக்க இலை ஈரமாகக் கிடக்கும். விடியற்காலையில், வாரத்துக்கு இரண்டு தடவை, ஆழமாக விடுங்கள். வாரத்துக்கு மொத்தம் ஓர் அங்குலம், அதாவது 100 சதுர அடிக்குச் சுமார் 230 லிட்டர். ஸ்பிரிங்ளர் என்றால் நாலைந்து காலி டப்பாக்களை லானில் வைத்து எவ்வளவு நேரத்தில் அரை அங்குலம் நிரம்புகிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். கடற்கரைப் பக்கத்து மணல் தரைக்கு அதே அளவை மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். எப்போது விடுவது என்பதில் சந்தேகம் வந்தால் நடந்து பாருங்கள், கால் தடம் அப்படியே பதிந்து கிடந்தால் தாகம். ஏசி தண்ணீரைத் தாராளமாக விடலாம். ஆர்ஓ கழிவுநீரில் உப்பு அதிகம், அது வேண்டாம். வெட்டும் உயரத்தை அரை அங்குலம் கூட்டுங்கள், உரம் கூடவே கூடாது.

தண்ணீரே இல்லையென்றால்? 500 சதுர அடிக்கு வாரம் 1200 லிட்டர் ஆகும், 12000 லிட்டர் லாரி வாங்கினால் பத்து வாரம். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு குடிக்கவே லாரிக்கு வரிசையில் நின்றபோது நான் லானுக்கு ஒரு சொட்டு விடவில்லை. பாய் விரித்த மாதிரி பழுப்பாகக் கிடந்தது. மிதிக்காமல், வெட்டாமல் விட்டேன், மண்ணுக்கடியில் பெர்முடாவின் தண்டு உயிரோடு இருந்தது, மழை வந்ததும் தளிர்த்தது. பாத்திரம் கழுவின தண்ணீரை ஊற்றிய ஓரம்தான் திரும்பவே இல்லை.

ஆனியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். கோடைமழை பெய்த ராத்திரிகளில் பழுப்பு வண்டுகள் மண்ணிலிருந்து கிளம்பி வேப்பமரத்திலும் முருங்கையிலும் மொய்க்கும். வெளி விளக்கின் கீழே ஒரு அன்னக்கூடையில் தண்ணீரும் இரண்டு மூடி மண்ணெண்ணெயும் வைத்தால் நிறைய விழும். தப்பியவை போடும் முட்டையிலிருந்து வெள்ளைப்புழு வந்து வேரைத் தின்னும். மைனா ஒரே இடத்தைக் கிளறிக்கொண்டே இருக்கிறதா, புல்லைப் பிடித்து இழுத்தால் பாய் மாதிரி சுருண்டு வருகிறதா, அந்த இடத்தைப் பெயர்த்துப் புழுவைப் பொறுக்கி, வேப்பம்புண்ணாக்கோடு மெட்டாரைசியம் (புழுவைக் கொல்லும் பூஞ்சை) கலந்து மண்ணில் சேர்த்து, நனைத்து விடுங்கள். பதினைந்து நாள் கழித்து அங்கே புதுக் கணு ஊன்றலாம்.