இ-பைக் பேட்டரி: பச்சை விளக்கு வந்ததும் பிடுங்காதீர்கள்

48 வோல்ட் லித்தியம் அயன் பேக்கில் பெரும்பாலும் 13 செல் வரிசைகள் இருக்கும். முழு சார்ஜில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், மொத்தம் 54.6. எல்லா வரிசைகளின் வோல்ட்டையும் ஒரே அளவுக்குச் சமன் செய்வது, உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். என்ற பேட்டரி கட்டுப்பாட்டுச் சர்க்யூட். பல பேக்குகளில் அந்த வேலை சார்ஜ் முழுதாகும் தறுவாயில்தான் தொடங்கும், அதுவும் ரொம்ப மெதுவாக. அதனால் தினமும் 80 சதவீதத்தோடு நிறுத்துபவர்கள் (ஆயுளுக்கு அது நல்லதுதான்) மாதம் ஒருமுறையாவது முழுக்க ஏற்றி, பச்சை விளக்கு வந்த பிறகும் ஓரிரு மணி நேரம் விட்டுவையுங்கள். வீட்டில் ஆள் விழித்திருக்கும்போது மட்டும். வெயிலில் ஓட்டி வந்த கையோடு செருக வேண்டாம், சூடு ஆறட்டும்.

புளூடூத் பி.எம்.எஸ். என்றால் ஆப்பில் வரிசை வாரியாக வோல்ட் தெரியும். இத்தனைக்குப் பிறகும் ஒரு வரிசை மட்டும் 3.9-லேயே நின்றால், பேக்கை நீங்களே பிரிக்காமல் பேட்டரி வேலை தெரிந்தவரிடம் காட்டுங்கள்.