தோல் போன் உறை: ஈரத்தில்தான் எல்லாம் இருக்கிறது

தோலை நனைத்து, போனின் வடிவத்துக்கு அழுத்திப் படிய வைத்து, அப்படியே காயவிட்டால் கச்சிதமான உறை கிடைக்கும். கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முதல் உறை பலருக்குச் சொதப்பிவிடும். வெட்டும்போதும் தைக்கும்போதும் எல்லாரும் கவனமாகத்தான் இருக்கிறார்கள். கோட்டை விடுவது நனைப்பதிலும் உலர்த்துவதிலும்.

அதற்கும் முன்னால் தோல். மெத்தென்று இருக்கிறதே என்று பழைய கைப்பைத் தோலை எடுத்துவிடாதீர்கள். அது பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டதாக இருக்கும். எவ்வளவு அழுத்தினாலும் வடிவத்தைப் பிடித்து வைக்காது. இந்த வேலைக்கு மரப்பட்டைச் சாறு போன்ற தாவரப் பொருளில் பதனிட்ட, எண்ணெயோ மெழுகோ ஏற்றாத தோல் வேண்டும். கடையில் 'வெஜ் டேன்' என்று கேட்டால் தெரியும். அதன் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உடனே உள்ளே இறங்கி அந்த இடம் கருக்கும். தடிமன் 1.5 முதல் 2 மி.மீ. போதும். 3 மி.மீ. தோலை மூலைகளில் படிய வைப்பதற்குள் கை ஓய்ந்துவிடும்.

சரி, ஈரத்துக்கு வருவோம். தண்ணீரிலிருந்து எடுத்ததுமே அழுத்தத் தொடங்குவதுதான் மிகப் பெரிய தவறு. சொட்டச் சொட்ட இருக்கும் தோல் அழுத்தினால் அமுங்கும், கையை எடுத்தால் எழுந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் குமிழி வருவது நிற்கும் வரை வைத்து எடுங்கள். பிறகு பொறுத்திருங்கள். மேற்பரப்பின் நிறம் கிட்டத்தட்டப் பழையபடி வெளுத்து, ஆனால் தொட்டால் சில்லென்று இருக்க வேண்டும். ஒரு துண்டுத் தோலையும் கூடவே நனைத்து வைத்துக்கொண்டு, அதில் நகத்தால் ஒரு கோடு போட்டுப் பாருங்கள். கோடு தெளிவாக அப்படியே நின்றால் பதம் சரி. நகம் இவ்வளவு சுலபமாகப் பதிகிறது என்றால், உறையின் மேல் கவனமில்லாமல் படும் நகமும் அப்படியே பதியும். ஆகவே விரலின் சதைப் பகுதியாலும் மழுங்கிய எலும்புக் கருவியாலும் மட்டும் அழுத்துங்கள்.

அச்சுக்கு உண்மையான போனை வைக்காதீர்கள். பிளாஸ்டிக் தாளில் சுற்றினாலும் ஈரம் உள்ளே போகலாம். மணிக்கணக்கில் கிளாம்பின் அழுத்தம் கண்ணாடித் திரைக்கு ஆகாது. அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, மூலைகளை உருட்டி, கேமரா மேட்டையும் ஒட்டிக்கொள்ளுங்கள். காயும்போது தோல் சற்றுச் சுருங்கும் என்பதால் கட்டை போனைவிட இம்மி பெரிதாக இருக்கட்டும். தோலையும் சரியான அளவுக்கு முன்பே வெட்டக் கூடாது. அழுத்த அழுத்த ஓரங்கள் உள்ளே இழுபடும். சுற்றிலும் 2 செ.மீ. ஆவது விடுங்கள். கேமராத் துளை, தையல் துளை எல்லாம் காய்ந்த பிறகுதான்.

இரும்புக் கிளிப், ஆணி எதுவும் ஈரத்தோலில் நேரடியாகப் படக் கூடாது. பதனிடும்போது மரப்பட்டைச் சாற்றிலிருந்து தோலில் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருள் இரும்போடு சேர்ந்து நீலக்கருப்புக் கறையாகிவிடும். எலுமிச்சைச் சாறு தொட்டால் கறை கொஞ்சம் மங்கும், ஆனால் அந்த இடம் தனியாகத் தெரியும். நடுவில் கட்டையும் அதன் மேல் உள்ள தோலும் நுழையும் அளவுக்கு வெட்டிய மரச்சட்டத்தை மேலே வைத்துக் கட்டையோடு இறுக்கினால் அழுத்தம் சமமாக விழும், கிளிப் தடமும் இருக்காது.

அடுத்து உலர்த்துவது. அவசரப்பட்டு ஹேர் டிரையரையோ சுடுவெயிலையோ நாடினால் தோல் பாழ். ஈரத்தோடு அதிகச் சூடு பட்டால் தோலின் நார்கள் சுருங்கி, அது விறைத்து நொறுங்கும். மறுபடி நனைத்தாலும் மீட்க முடியாது. நிழலில், காற்றோட்டத்தில், அச்சிலேயே ஒரு முழு நாள் இருக்கட்டும். ஈரப்பதம் மிகுந்த காலம் என்றால் இரண்டு நாள். கழற்றும் முன் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். குளிர்ந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

அப்புறம் எண்ணெய். பளபளப்புக்காக நிறையத் தடவினால் பாடுபட்டுப் பிடித்த வடிவம் தளர்ந்துவிடும். துணியில் தொட்டு மெலிதாக ஒரு பூச்சு போதும். மூடிக்குக் காந்தம் வைக்க ஆசையிருந்தால் யோசித்துச் செய்யுங்கள். அது போனின் திசைகாட்டியைக் குழப்பும். பின்பக்கம் உலோகக் குமிழ் பதித்தால் ஒயர்லெஸ் சார்ஜிங்கும் கெடும். தோலிலேயே ஒரு நாக்கை வெட்டி, எதிரே ஒரு பட்டைக்குள் செருகுகிற மாதிரி வைத்துவிட்டால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை.