ஜான் ஸ்டாக்டனின் எண்களைப் படிக்கும் முறை

கூடைப்பந்தில் அணியின் ஆட்டத்தை நடத்திச் செல்லும் பாயிண்ட் கார்டு ஒருவரின் சாதனையை எடைபோட விரும்புபவர் அசிஸ்ட் (சக வீரர் பந்தைக் கூடையில் போட உதவிய பாஸ்) எண்ணிக்கையிலிருந்து தொடங்காமல், அவர் ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவதே நல்லது. 1984 முதல் 2003 வரை யூட்டா ஜாஸ் அணிக்கு மட்டுமே ஆடிய ஜான் ஸ்டாக்டனை எடுத்துக்கொள்வோம். அவர் 15,806 அசிஸ்ட்களும் 3,265 ஸ்டீல்களும் (எதிரணியிடமிருந்து பந்தைப் பறித்தவை) எடுத்தவர். இரண்டுமே அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் சாதனைகள்.

முதலில் வருகைக் கணக்கைப் பாருங்கள். 18 பருவங்களுக்குத் தலா 82 ஆட்டங்கள், கதவடைப்பால் சுருங்கிய 1998-99 பருவத்துக்கு 50 என்று கூட்டினால் 1,526 வரும். அவர் ஆடியவை 1,504. தவறவிட்ட 22 ஆட்டங்களில் 18, முழங்கால் காயத்தால் 1997-98 பருவத்தில் மட்டும் போனவை.

அடுத்து அசிஸ்ட்களை ஆட்டங்களால் வகுத்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு 10.5 என்று வரும். இன்னொரு புகழ்பெற்ற பாயிண்ட் கார்டான மேஜிக் ஜான்சனின் சராசரியோ 11.2. இங்கே பலர் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். மொத்தம் நீடிப்பைக் காட்டுகிறது, சராசரி உச்சத்தைக் காட்டுகிறது என்பதால், இரண்டையும் ஒரே தராசில் நிறுத்துவது பொருந்தாது. மேலும், ஸ்டாக்டனின் முதல் மூன்று பருவங்கள் பெரும்பாலும் மாற்று ஆட்டக்காரராகக் கழிந்தவை. அவை சராசரியைக் கீழே இழுக்கின்றன. ஆகவே பருவவாரியாகப் பிரித்துப் படியுங்கள்: 1987-88 முதல் 1995-96 வரை தொடர்ந்து ஒன்பது பருவங்கள் அசிஸ்ட் சராசரியில் அவரே முதலிடம், 1989-90இல் அது 14.5, 1990-91இல் அவர் எடுத்த 1,164 அசிஸ்ட்கள் ஒரே பருவத்துக்கான சாதனை.

பிறகு எண்களை மூடிவைத்துவிட்டு ஆட்டத்தின் காணொளியைப் பார்க்க வேண்டும். பாஸ் கொடுத்தவருக்கு அசிஸ்ட் கிடைக்க, வாங்கியவர் பந்தைக் கூடையில் போட்டாக வேண்டும். ஸ்டாக்டனுக்கு அந்த மறுபாதி பெரும்பாலும் சக வீரர் கார்ல் மலோன். 18 பருவங்கள் இருவரும் சேர்ந்து ஆடிய பிக் அண்ட் ரோலை (ஒருவர் எதிரணி வீரரை மறித்து நின்று, பிறகு பாஸுக்காகக் கூடையை நோக்கித் திரும்பும் உத்தி) பார்க்கும்போது பந்தைத் தொடராதீர்கள். மலோன் வந்து நின்று மறிக்கும் இடத்தையும், ஸ்டாக்டனைக் காக்கும் எதிரணி வீரர் அந்த மறிப்பைச் சுற்றி வருகிறாரா, பின்வாங்குகிறாரா என்பதையும் கவனியுங்கள். மலோனைக் காத்தவர் பந்தை நோக்கி ஓரடி நகர்ந்ததுமே, மலோன் கூடையை நோக்கித் திரும்பும் பாதையில் பந்து போய்ச் சேர்ந்திருக்கும்.

கடைசியாக, 1997 மே 29 அன்று ஹூஸ்டனில் நடந்த மேற்கு மண்டல இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தைப் பாருங்கள். நேரம் முடியும் கணத்தில் ஸ்டாக்டன் போட்ட மூன்று புள்ளிகளால் 103-100 என வென்று, ஜாஸ் முதன்முறையாக என்பிஏ இறுதித் தொடருக்குச் சென்றது. பந்து அவர் கையை விடும் தருணத்தில் காணொளியை நிறுத்தி, சற்றே பின்னோக்கி ஓட்டுங்கள்: அவரைக் காத்த கிளைட் டிரெக்ஸ்லரை மலோன் மறித்து நிற்பது தெரியும். அந்த மறிப்பு விதிக்கு உட்பட்டதுதானா என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஆட்டத்தின் புள்ளிப்பட்டியலில் அதற்கு ஒரு கட்டம்கூட இல்லை.